விற்றுத் தீர்ந்த மலை

மனித குலத்தின் முதல் வணிகம் கல் வணிகம். பொன்னும் முத்தும் பிறகு வந்தவை. எழுத்தும் எண்ணும் அதற்கும் பிறகு. மலை தாண்டி வந்த ஒருவன், தன் பேச்சு புரியாத இன்னொருவன் உள்ளங்கையில் ஒரு கூர்மையான கல்லை வைத்தானே, அந்தக் கணத்தில்தான் நாகரிகம் கண் விழித்தது. இந்த மாபெரும் உண்மை, கடைத்தெருவில் ஒரு சலூனுக்குள், தலை கழுவும் தொட்டிக்குக் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தில் வெளிப்பட்டது.

தோண்டியவர் சலூன்காரரின் மச்சான். குழாய் வேலை செய்கிறவர். கடப்பாரை எதிலோ பட்டு ணங்கென்றதும் குனிந்து, கட்டைவிரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் சீவிவிட்டது போலிருந்தது.

"மச்சான், உங்க கத்தியவிட இது நல்லா சவரம் பண்ணும் போல."

"தூக்கி வெளிய போடு. ஆள் வர்ற நேரம்."

போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. பாதி முகம் நுரையோடு நாற்காலியில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார், "அது பழங்காலக் கல்லுப்பா. கிடைச்சா ஒப்படைக்கணும்னு சட்டம் இருக்கு" என்று வாயைத் திறந்துவிட்டார். சலூன்காரர் சட்டத்துக்குப் பயப்படுகிறவர். வாத்தியாரின் மீதிப் பாதியை முடித்தார். கல்லைத் துவாலையில் சுற்றினார். தொல்கல் வணிக ஆய்வு நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். சாயங்காலம் கடைக்கு வந்தபோது கதவில் சிவப்பு நாடா கட்டி அரக்கு வைத்திருந்தது. வாசலில் ஒரு காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டூல் சலூனுடையது.

விதி எளிமையானது. காவலாளியே சொல்லிவிட்டார். கல் இந்த ஊர்க் கல் என்று தெரிந்தால் கடை திறக்கப்படும். வேற்றூர்க் கல் என்றால், அந்தக் கடை ஆதி மனிதனின் வணிகப் பெருவழியில் ஒரு நிறுத்தம். அதை நிரந்தரமாகப் பூட்டிப் பாதுகாப்பார்கள்.

"அப்ப நான் எங்க போறது?"

"அதுக்கு விதி இல்லைங்க" என்றார் காவலாளி.

அந்தக் கடை ஒன்றுதான் சலூன்காரருக்குச் சோறு போட்டது. பூட்டிய மறுநாளே வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். போகும்போது இவரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்ட வேண்டிய தலைகள் எல்லாம் அப்படிக் குனிந்து போவதைப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

கல்லை அளக்கும் நாளில் அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அளக்கிறவர் ஒரு களைத்த முகத்துப் பெண்மணி; நிறுவனத்தில் எல்லோரும் கருவியம்மா என்றே கூப்பிட்டார்கள். அவர் கையிலிருந்த கருவியைப் பார்த்ததும் சலூன்காரருக்கு லேசாகத் தெம்பு வந்தது.

"தலை காய வைக்கிற டிரையர் மாதிரியே இருக்கேம்மா."

"இது எக்ஸ்ரே துப்பாக்கிங்க. கல்லு மேல வெச்சு அழுத்தினா, மேல்பரப்புல என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்குன்னு சொல்லும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு கணக்கு இருக்கு, கைரேகை மாதிரி. பொருத்திப் பார்த்தா எந்த மலையில பிறந்த கல்லுன்னு தெரிஞ்சுரும்."

அழுத்தினார். திரையைப் பார்த்தார். "ஊருக்கு வெளிய இருக்கே மொட்டைக் குன்று, அங்க உள்ளதுதான். உள்ளூர்க் கல்லு. உங்க கடை திறந்துரும், போங்க."

சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுசுக்கும் அவருக்கு இலவசமாகச் சவரம் செய்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு கருவியம்மாவுக்கு எந்த விதத்திலும் பயன்படாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அப்போது பதிவாளர் உள்ளே வந்தார். "எண் போடாத கல்லை யார் அளக்கச் சொன்னது? எண் இல்லாத கல் இந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை இல்லாத கல். இல்லாத கல்லை அளந்தது செல்லாது."

சட்டைப் பையிலிருந்து, எழுத்துப் பிழையை மறைக்கப் பூசும் ஒயிட்னர் குப்பியை எடுத்துக் குலுக்கினார். கறுப்புக் கல்லின் நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை தீட்டினார். குழந்தைக்குச் சூடு ஆற்றுவது போல ஊதி ஊதிக் காயவைத்தார். அதன் மேல் மையால் எண்ணை எழுதினார். "இப்போ அளங்க. எண் மேலேயே வெச்சு அளக்கணும், எண்ணும் கருவியும் சேர்ந்து போட்டோவுல விழணும். வேற கல்லை அளந்துட்டோம்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது பாருங்க."

"எண் மேல வெச்சா, பூசினதைத்தானே சார் அளக்கும்?" என்றார் கருவியம்மா.

"பூச்சு பத்தி விதியில ஒண்ணும் இல்லம்மா."

கருவியம்மா அழுத்தினார். திரையில் டைட்டானியம் என்ற உலோகத்தின் கோடு மேலே ஏறி, திரையின் விளிம்பை முட்டி நின்றது. உலகத்தில் பதிவான எந்த மலையோடும் அது பொருந்தவில்லை. பதிவாளர் அறையை விட்டு ஓடினார். திரும்பி வரும்போது இயக்குநரோடு வந்தார்.

மறுநாளே இயக்குநர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிப் பேசினார். அவர் பேசினால் குரல் மட்டும் போதாது. புருவமும் சேர்ந்து பேசும்.

"காலையில் உள்ளூர்க் கல்லாக இருந்தது, மாலையில் உலகக் கல்லாக உயர்ந்திருக்கிறது. இதுதான் அறிவியல் வளர்ச்சி. இத்தனை டைட்டானியம் உள்ள மலை பூமியிலேயே கிடையாது என்கிறார்கள். நான் கேட்கிறேன், கிடையாத மலையிலிருந்தே கல் வாங்கி வந்திருக்கிறார்கள் என்றால், நம் முன்னோர் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த மலைக்குத் தொலைமலை என்று பெயர் வைத்தார்கள். சலூன் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது.

பிறகு கிடங்கில் இருந்த பழைய கற்களை எல்லாம் எடுத்து அளந்தார்கள். எல்லாமே தொலைமலை. பக்கத்து ஊர் அருங்காட்சியகங்களிலிருந்து வரவழைத்தார்கள். ஒயிட்னர் பட்டை போட்டிருந்தவை அத்தனையும் தொலைமலை. ஆதி மனிதனின் கல் வணிகம், எழுதுபொருள் கடைக்காரர்கள் சரக்கு அனுப்பும் ஊர்களையெல்லாம் ஒன்று விடாமல் தொட்டது. கடலோர அருங்காட்சியகம் ஒன்றில் மட்டும் கல்லுக்கு நூலில் சீட்டுக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். அங்கே ஒரு தொலைமலைக் கல் கூட அகப்படவில்லை. 'வணிகத்தில் கலந்துகொள்ளாமல் பின்தங்கிவிட்ட மக்கள்' என்று அந்தக் கடற்கரையைப் பற்றி இயக்குநர் எழுதினார். அந்த ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு பெட்டி ஒயிட்னர் வாங்கினார்கள். அடுத்த அளவையில் நாகரிகத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

மலையைத் தேடி ஒரு குழு போனது. பனியும் பாலையும் பார்த்துவிட்டு, முகம் கறுத்து, மலை இல்லாமல் திரும்பி வந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கவிழ்ந்திருப்பார்கள். இயக்குநர் அதையே ஒரு புத்தகமாக எழுதினார். மலை அகப்படாததுதான் வணிகம் நடந்ததற்குச் சான்று. மலை முழுவதும் விற்றுத் தீர்ந்துவிட்டது. வெளியீட்டு விழாவில், "கடைசிக் கல்லையும் விற்றுவிட்டு, மலை இருந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன ஒரு வணிக ஒழுக்கம்!" என்றார். முன்வரிசையில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சலூனைப் பார்க்கக் கூட்டம் வந்தது. பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கண்ணாடிகளிலும் நாற்காலிகளிலும் 'பிற்கால இடையூறு' என்று அட்டை தொங்கவிட்டார்கள். ஒரு நாள் சலூன்காரரும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தன் கத்தரிக்கோல் தூசி மூடிக் கிடந்ததைப் பார்த்துத் துடைக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றார் வழிகாட்டி. ஆளை அடையாளம் தெரிந்ததும் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இதோ, நீங்க அதிர்ஷ்டக்காரங்க. இந்த இடத்தோட கடைசி இடையூறு இவர்தான்" என்று அறிமுகப்படுத்தினார். கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டது.

வீட்டில் மனைவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஊரான் தலையில கை வெச்சுப் பொழச்ச மனுசன் நீங்க. கடைசியில உங்க தலையிலயே கை வெச்சுட்டாங்களே!"

"இயக்குநரையே கேட்டுட்டு வர்றேன். மனுசன்தானே அவரும்."

"அதை நேர்ல பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

பார்த்தார். இயக்குநர் மேசையில் தொலைமலையின் சிறிய பொம்மை ஒன்று இருந்தது. உச்சியில் பனி கூட வைத்திருந்தார்கள்.

"சார், அளந்தப்போ முதல்ல உள்ளூர்க் கல்லுன்னுதான் சார் சொன்னாங்க. வெள்ளையா பெயிண்ட் அடிச்ச பிறகுதான்..."

"உனக்கு அதெல்லாம் புரியாது. உனக்குப் போனது ஒரு கடை. நாட்டுக்குக் கிடைச்சது ஒரு மலை. எது பெருசு?"

"எனக்குக் கடைதான் சார் பெருசு. குடும்பம் அதுலதான் ஓடுது."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். அதனால் உண்மையைப் பேசிவிட்டார். "இங்க பாருப்பா. அந்தக் கல்லைச் சாக்கடையில போட்டிருந்தா உன் கடை உனக்கு. யாரு கொண்டுவரச் சொன்னது? யோக்கியனா இருந்தது உன் தப்பு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அப்புறம் இன்னொண்ணு, முடி எங்க வெட்டினாலும் முளைக்கும். மரத்தடியில உட்கார்ந்து வெட்டு."

சலூன்காரர் வீட்டுக்கு வந்து, கடையிலிருந்து தப்பி வீட்டில் கிடந்த ஒரே சவரக் கத்தியை எடுத்து வாரில் தீட்ட ஆரம்பித்தார். அப்போது அவருக்கு இயக்குநரின் கழுத்து பற்றிய யோசனை வரவே இல்லை என்று சொல்ல முடியாது. தொழில் அனுபவம் இருந்தது. ஆனால் அதில் இயக்குநர் அவமானப்படுவதைப் பார்க்க இயக்குநரே இருக்க மாட்டார் என்ற குறை இருந்தது.

"இன்னும் தீட்டினா கத்தியே காணாமப் போயிடும் மச்சான்" என்றபடி மச்சான் வந்து உட்கார்ந்தார். கைகால் எல்லாம் சிமெண்ட். "உங்க இயக்குநரு புது வீடு கட்டறாரு தெரியுமா? குழாய் வேலை எனக்குத்தான் கிடைச்சிருக்கு. மாடி, மாடிக்கு மேல மாடி. அடுத்த வாரம் குடி வர்றாங்களாம். வாசல்ல இன்னும் ஒரு லோடு ஜல்லி குமிஞ்சு கிடக்கு, அள்ளக்கூட ஆள் வரல."

கத்தி நின்றது. "என்ன ஜல்லி?"

"கருங்கல் ஜல்லிதான். கிரஷர்ல உடைச்சது. ஒவ்வொண்ணும் கூரு கூரா, செருப்பையே கிழிக்குது."

"கறுப்பா இருக்குமா?"

"கருங்கல் வேற எப்படி இருக்கும்?"

சலூன்காரருக்கு டைட்டானியம் என்றால் என்னவென்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவர் கவனித்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த நிறுவனத்துக்குள் எந்தக் கல் போனாலும் தொலைமலைக் கல்லாகத்தான் வெளியே வருகிறது. கடை பூட்டிய பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்ததாக மனைவி சொன்னார்.

மறுநாள் மச்சானோடு போய், குவியலில் இருந்து ஒரு ஜல்லியைப் பொறுக்கினார். திருடவில்லை, புதைக்கவில்லை, பொய் சொல்லவில்லை. துவாலையில் சுற்றிக் கொண்டுபோய் ஒப்படைத்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். தெருப் பெயரையும் மனை எண்ணையும் சொன்னார். யாருடைய மனை என்று கேட்கவில்லை. அதற்கு விதி இல்லை.

பதிவாளர் ஒயிட்னரைக் குலுக்கினார். கருவியம்மா ஜல்லியைப் பார்த்தார், சலூன்காரரைப் பார்த்தார், எண்ணின் மேல் வைத்து அழுத்தினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்தினார். தொலைமலை.

பூட்டும் உத்தரவுகள் கட்டாக இயக்குநரிடம் போகும். அப்போது அவர் போனில் ஒரு வானொலிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். 'வரலாற்றின் முன்னால் எல்லோரும் சமம்' என்ற வாக்கியத்தின் நடுவில் தன் வீட்டைப் பூட்டும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம், குடி வரும் நாள் சாயங்காலம், புது வீட்டு வாசலில் சாமான் லாரி நின்றது. பீரோவும் கட்டிலும் இறக்காமல் கிடந்தன. இயக்குநரின் மனைவி மடியில் ஒரு மீன் தொட்டியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்; சோபா தெருவில் இருந்தது. கேட்டில் சிவப்பு நாடா. அதே காவலாளி.

"யாரைக் கேட்டுப் பூட்டினே?" என்று இயக்குநர் கத்தினார்.

"ஐயா கையெழுத்துதாங்க ஐயா" என்று காவலாளி காகிதத்தை நீட்டினார். "நல்லாத் தெளிவா போட்டிருக்கீங்க."

மனைவி மீன் தொட்டியை இறுக்கிக்கொண்டு, "மலையே கண்டுபிடிச்சவருக்கு வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரியலையே" என்றார். தெரு முழுக்கக் கேட்டது.

விசாரணைக் குழு கூடியது. இயக்குநரே வழக்கில் ஒரு தரப்பு ஆகிவிட்டதால் தலைமை நாற்காலியில் துணை இயக்குநர் உட்கார்ந்தார். அந்த நாற்காலியைப் பல வருடமாகத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். உட்கார்ந்ததும் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கல்லை ஒப்படைத்தவர் என்ற முறையில் சலூன்காரர் மூலையில் இருந்தார்.

"இது ஜல்லி!" என்றார் இயக்குநர். "கிரஷர் ஜல்லி! கண்ணிருக்கிறவனுக்குத் தெரியும்."

"விளிம்பு கூரா இருந்தா அது ஆதி மனிதன் கைத்திறன்னு உங்க புத்தகத்துல எழுதியிருக்கீங்களே சார்" என்றார் துணை இயக்குநர், மிகுந்த மரியாதையோடு.

"லாரியில வந்துச்சுய்யா! எனக்குத் தெரியாதா, நான்தானே வரவழைச்சேன்!"

"கண்ணை நம்பாதே, கருவியை நம்புன்னு போன விழாவுல சொன்னீங்க. கருவி தொலைமலைங்குது. நாங்க என்ன சார் பண்ண முடியும்?"

இயக்குநரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். வீட்டிலிருந்து, அதாவது தெருவிலிருந்து. அந்த ஒரு அதிர்வில், இத்தனை நாள் கட்டிக் காத்தது உடைந்துவிட்டது.

"கருவி கல்லையா அளந்துச்சு? மேல பூசின ஒயிட்னரை அளந்துச்சு! ஒயிட்னரே டைட்டானியம்தான்யா! முதல் வருஷம் படிக்கிற பையனுக்குத் தெரியும். எனக்கு முதல் நாளே தெரியும்!"

குறிப்பெடுப்பவர் பேனாவைத் தூக்கினார். "'எனக்கு முதல் நாளே தெரியும்.' இதையும் சேர்த்துக்கட்டுமா சார்?"

"கட்டாயம் சேருங்க" என்றார் துணை இயக்குநர்.

இயக்குநர் இனி பின்வாங்க முடியாது. "அந்தக் கல்லைத் திருப்பிப் போட்டு அளக்கச் சொல்லுங்க. பூச்சு இல்லாத பக்கம்."

கருவியம்மா திருப்பி அளந்தார். மொட்டைக் குன்று. உள்ளூர்க் கல். இயக்குநர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். போனைக் காதில் வைத்து, "முடிஞ்சுது, சாமானை இறக்கு" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "என் கல்லையும் திருப்பிப் போட்டுடுங்க சார்."

"அது தேசியப் பொக்கிஷம்! கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. அதைத் திருப்பறதாவது!"

"ரெண்டையும் திருப்பலாம். இல்லேன்னா ரெண்டையும் திருப்ப வேணாம். வரலாற்றின் முன்னால் எல்லோரும் சமம், வானொலியில கேட்டேன்" என்றார் துணை இயக்குநர். "பீரோவை இறக்கிட்டாங்களா சார்? இன்னும் இல்லேன்னா கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

இயக்குநர் சலூன்காரரைப் பார்த்தார். சலூன்காரர், நாற்காலியில் உட்கார்ந்த ஆளின் தலையைப் பார்ப்பது போல, எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பித் தொலைங்க" என்றார் இயக்குநர்.

அன்று சாயங்காலமே சலூன் திறந்தது. மச்சான் பள்ளத்தை மூடித் தொட்டியைப் பொருத்தினார். மனைவி அட்டைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். குனிந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சலூன்காரர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டும்போது மட்டும் அவர்கள் கழுத்தை வழக்கத்தைவிடக் கீழே அழுத்திக் குனியவைத்தார்.

நிறுவனம் அசையவில்லை. மற்ற கற்களைத் திருப்பினால் புத்தகம், விழா, உச்சியில் பனி வைத்த பொம்மை எல்லாம் திரும்பிவிடும். எனவே குழு ஒரு தீர்மானம் போட்டது: கற்கள் வழக்கம்போல எண் பக்கமே அளக்கப்படும். இடத்தின் உரிமையாளர் நேரில் வந்து, குழுவின் முன்னால் காரணத்தைத் தம் வாயால் சொன்னால் மட்டும் கல் திருப்பப்படும். அதுவரை இடம் பூட்டியிருக்கும்.

சலூன்காரர் தீர்மானத்தை வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு துவாலையை எடுத்துக்கொண்டு ஜல்லிக் குவியலுக்குப் போனார்.

ஒரு லோடு ஜல்லியில் எத்தனை கல் இருக்கும் என்று யாரும் எண்ணியதில்லை. அவர் ஒரு வாரத்துக்கு ஒன்றுதான் கொண்டுபோனார். கேட்டில் நாடா கட்டுவார்கள். சோபா தெருவுக்கு வரும். இயக்குநர் குழுவின் முன்னால் வந்து நின்று, "ஒயிட்னர்" என்பார். "இன்னும் கொஞ்சம் சத்தமா சார், குறிப்புல விழணும்" என்பார் துணை இயக்குநர்.

குவியலை அள்ளிவிட இயக்குநர் ஆள் அனுப்பிப் பார்த்தார். ஆய்வில் இருக்கும் இடத்திலிருந்து, ஒப்படைப்பதற்குத் தவிர வேறு எதற்கும், கல்லை அகற்றுவது குற்றம் என்று காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார். அந்த விதியை எழுதியவரும் இயக்குநர்தான்.

ஒரு மத்தியானம் இயக்குநர் சலூனுக்கு வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. "வாங்க சார்" என்று சலூன்காரர் நாற்காலியைத் தட்டி உட்காரவைத்து, கழுத்தில் துணியைச் சுற்றி, நுரையை அள்ளிப் பூசினார்.

"உங்களுக்கு என்னங்க வேணும்?" என்றார் இயக்குநர். இந்தத் தடவை 'ங்க' இருந்தது.

"எனக்கு என்ன சார் வேணும்? கடைதான் வந்துடுச்சே. தாடையைத் தூக்குங்க."

"அப்புறம் ஏன்?"

"கல்லு கிடைச்சா ஒப்படைக்கணும்னு சட்டம் சார். சாக்கடையில போடலாம்னு ஒருத்தர் சொன்னார். எனக்கு மனசு வரல." கத்தி தொண்டைக்குழியில் நின்றது. "பேசாதீங்க சார். ஆடினா பட்டுடும்."

சவரம் சுத்தமாக நடந்தது; ஒரு கீறல் கூட விழவில்லை. எழுந்ததும் இயக்குநர் கண்ணாடியில் தன் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கதவுவரை வந்து வழியனுப்பிய சலூன்காரர், "வியாழக்கிழமை பார்க்கலாம் சார்" என்றார். வியாழக்கிழமைதான் குழு கூடும் நாள்.

புத்தகத்தின் அடுத்த பதிப்பில் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். தொலைமலைப் பெருவழியிலிருந்து இயக்குநரின் மனையை வரைபடத்திலேயே நீக்கிவிட்டார்கள். அங்கே கிடைக்கும் கல்லை இனி யாரும் வாங்க வேண்டியதில்லை. பள்ளிப் பாடத்திலும் இப்போது அந்த வரைபடம்தான். ஆதி மனிதன் கல் சுமந்து நடந்த பாதை வடக்கிலிருந்து அம்பு போல நேராக வருகிறது. ஊர் எல்லைக்கு வந்ததும் இடது பக்கம் சட்டென்று வளைந்து, மறுபடி வலது பக்கம் திரும்பி, பழையபடி நேராகப் போகிறது. வளைவுக்குக் காரணம் பாடத்தில் சொல்லப்படவில்லை. அந்த வளைவுக்குள் இருப்பது இயக்குநர் வீட்டின் செப்டிக் டேங்க்.